மூன்றாம் இலக்கப் போர்வை

அரசாங்கக் கந்தோரில் ஒரு தேநீர்க் கேத்தில் ஓட்டையானால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஓட்டையைக் கண்டவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு கேத்திலைப் பார்வையிட வேண்டும். ஓட்டை தேய்மானத்தால் வந்ததா, கவனயீனத்தால் வந்ததா என்று தீர்மானிக்க வேண்டும். கடைசியில் கேத்திலைச் சுத்தியலால் நசுக்கி, நசுக்கியதைக் கண்ணால் கண்டதாக ஒருவர் ஒப்பமிட வேண்டும். இந்த வேலையை ஓய்வுபெறும்வரை பிழையில்லாமல் செய்தவன் நான். ஆனால் மனைவி கையால் தைத்த போர்வையில் இஸ்திரிப்பெட்டி அளவுக்கு ஓட்டை விழுந்தால் என்ன செய்வது என்று எந்த ஒழுங்குவிதியிலும் ஒரு வரி கிடையாது. இந்தக் குறைபாட்டை நான் கண்டுபிடித்தது அறுபதுகளின் தொடக்கத்தில், கிளிநொச்சியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம்.

அப்போது எனக்குக் கலியாணமாகி எட்டு மாதம். வாய்க்கால்களுக்குப் பொறுப்பான ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட குவாட்டர்ஸ். அந்த எட்டு மாதத்தில் நான் மனைவியின் சீதனப் பொருட்களில் ஒரு கண்ணாடி ஜாடியை உடைத்திருந்தேன், ஒரு குடையைப் பஸ்ஸில் விட்டிருந்தேன், பித்தளைச் செம்பு ஒன்றைக் கிணற்றுக்குக் கொடுத்திருந்தேன். கந்தோரிலோ என் பொறுப்பில் இருந்த நானூறு சொச்சப் பொருட்களில் ஒரு ஊசிகூடக் குறைந்ததில்லை. இந்த வித்தியாசத்தை மனைவி கவனித்திருந்தாள்.

போர்வை அவள் ஆறு மாதமாகத் தைத்தது. பழைய சேலை, சட்டை, திரைச்சீலை எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் ஒரு பழைய விரிப்பை வைத்து, அடியில் துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துச் சின்னச் சின்னத் தையலாக ஓட்டியிருந்தாள். பள்ளிக்கூட விடுதியில் படித்த வேலை. கிளிநொச்சி வெயிலுக்கு எதற்குப் போர்வை என்று ஒருமுறை கேட்டேன். "மார்கழி வரட்டும், அப்ப கேளுங்கோ" என்றாள். எல்லாச் சதுரங்களுக்கும் நடுவில் பெரிதாக ஒரு வெள்ளைச் சதுரம். அது கழுத்துப்பட்டி கிழிந்துபோன என் கந்தோர்ச் சட்டையின் முதுகு. இந்தத் தகவல் பின்னால் என் தரப்பு வாதத்துக்கு உதவும் என்று நினைத்தேன். உதவவில்லை.

வியாழக்கிழமை அவள் தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். தங்கையின் கலியாணப் பேச்சு. ஒரு கிழமையில் வருவதாகச் சொன்னாள். போர்வையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, இதை அலுமாரியிலை வைச்சுப் பூட்டிப்போட்டுப் போவமெண்டுதான் நினைச்சனான். பிறகு பாவமெண்டு விட்டிட்டன். இது ஒண்டையாவது உங்களை நம்பி வைச்சிட்டுப் போறன்."

"அதுக்கென்ன, நான் பாத்துக்கொள்ளுறன்."

"பாத்தாப் போதும். தொடாதேங்கோ."

சனிக்கிழமை பின்னேரம் அதைப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் சுருக்கம் இருந்தது. வந்து பார்க்கிறவள் மகிழட்டும் என்ற ஒரே நோக்கத்தோடு இஸ்திரிப்பெட்டியில் சிரட்டைக்கரியைப் போட்டு மூட்டினேன். ஓரங்களை மினுக்கி முடித்து நடுவுக்கு வந்த நேரம், வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போனேன் என்று பல நாள் நம்பியிருந்தேன். திரும்பி வந்தபோது அது படுத்திருந்தது. தூக்கினேன். என் சட்டையின் முதுகில் ஒரு பாதி, பெட்டியோடு சேர்ந்து எழும்பி வந்தது.

ஓட்டை வெகு துப்பரவாக இருந்தது. அடி அகலம், நுனி கூர். எந்தக் குழுவும் இதைத் தேய்மானம் என்று எழுதாது.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்வையைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். அங்கே முல்லைத்தீவிலிருந்து வந்து தையல் கடை வைத்திருந்த ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் போர்வையை விரித்து ஓட்டைக்குள் கையை விட்டு, எரியாமல் தப்பியிருந்த அடித்துணியில் விரல்களை ஆட்டிப் பார்த்தார்.

"மெசின் இதுக்கு மேலால ஏறாது ஐயா. தடிப்பம். கையாலதான் தைக்கவேணும்."

"அப்ப கையாலை தைச்சுத் தாங்கோ நானா."

"பெருநாள் தையல் கழுத்துமட்டும் கிடக்கு. வார மாசமெண்டாச் செய்யலாம்."

"வியாழக்கிழமை மனிசி வந்திடுவா."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு முறையைச் சொன்னார். நான் பொக்கற்றிலிருந்த நாட்குறிப்பில் இலக்கமிட்டு எழுதிக்கொண்டேன். ஒன்று: கருகிய ஓரத்தை நல்ல துணி வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். இரண்டு: ஒட்டுத்துணி பழசாக இருக்க வேண்டும், புதுசென்றால் தோய்த்ததும் சுருங்கி இழுக்கும். மூன்று: ஓட்டையைவிட நாலு பக்கமும் ஒரு விரல் கூடுதலாக வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். நான்கு: தைக்கும்போது விரலில் குத்தி இரத்தம் பட்டால், ஒரு நூல்துண்டைச் சொந்த வாயில் மென்று அந்த எச்சிலால் துடைக்க வேண்டும். "அவரவர் ரத்தத்துக்கு அவரவர் துப்பல்தான் ஐயா. மத்தவங்கட துப்பலுக்குப் போகாது." அரசாங்கத்திலும் அப்படித்தான், ஏட்டில் பிழை விட்டவரே அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும்.

போர்வையைத் திருப்பிக் கட்டித் தரும்போது நானா கேட்டார்.

"கேட்டா என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியேல்லை."

"எல்லாரும் எலியெண்டுதான் சொல்லுவாங்க" என்றார்.

பழைய வெள்ளைத்துணிக்கு எங்கே போவது? மிச்சமிருந்த இரண்டு வெள்ளைச் சட்டைகளும் கந்தோருக்குத் தேவை. ஆனால் கந்தோரில் துணி இருந்தது. அந்தக் காலத்தில் வாய்க்கால் படங்களைத் துணியில்தான் வரைவார்கள். கஞ்சி ஏற்றி, மினுக்கி, கண்ணாடித்தாள்போல இருக்கும். தேவை முடிந்த படங்களைக் கழித்துப் பட்டியல் போட்டு, பொறியியலாளரிடம் ஒப்பம் வாங்கினால், அந்தத் துணி கருவிகளைத் துடைப்பதற்கென்று கொடுக்கப்படும். உண்மையில் அதைச் சோடாவில் அவித்தால் கஞ்சி கழன்று, பட்டுப்போல மெல்லிய வெள்ளைத்துணி வரும். எங்கள் கந்தோரில் எல்லாருடைய கைக்குட்டையும் அதுதான். பிறந்த குழந்தைகளின் சட்டையும் அதுதான். கருவிகளைச் சாக்கால் துடைத்தோம்.

திங்கட்கிழமை காலை ஐந்து படங்களைக் கழிப்பதற்கு நானே பட்டியல் தயாரித்துப் படவரைஞரிடம் கொண்டுபோனேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எதையும் ஒருதரம்தான் சொல்லுவார். அந்த நேரம் வேறு வேலையாக வவுனியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் குடை. பட்டியலைக் கழுத்தைச் சரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூண்டாம் நம்பரை வெட்டிப்போடும்."

நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

இங்கே வாசகர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் கந்தோரில் வெட்டுவது என்றால் பட்டியலில் ஒரு வரியை அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் கோடு கிழித்து நீக்குவது. வேறு பொருள் இல்லை. பெயரை வெட்டு, தொகையை வெட்டு, திகதியை வெட்டு என்று நானே ஒரு நாளில் இருபது தரம் சொல்லுவேன். இன்னும் தேவைப்படும் படம், அதைப் பட்டியலிலிருந்து நீக்கும் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் சனிக்கிழமையிலிருந்து என் தலைக்குள் துணி தவிர வேறொன்றும் இல்லை. மற்ற நாலு படத்தையும் விட்டு மூன்றாம் இலக்கத்தை மட்டும் வெட்டச் சொல்லுகிறாரே, நல்ல துணி எதுவென்று மனிதருக்குத் தெரிந்திருக்கிறது என்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன். பொறியியலாளரின் ஒப்பத்தைப் பிறகு வாங்கலாம் என்றும் நினைத்தேன். என் சேவைக்காலத்தில் ஒப்பத்தைப் பிறகு வாங்கலாம் என்று நினைத்தது அந்த ஒருதரம்தான்.

படத்தின் நடுவிலிருந்து ஒரு பெரிய சதுரத்தை வெட்டினேன். மிச்சத் துண்டுகளை ஒழுங்காகச் சுருட்டி என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். வீட்டில் அவித்ததில் கஞ்சி போயிற்று. கறுப்பு மை முழுதாகப் போகவில்லை. கோடுகளும் இலக்கங்களும் சாம்பல் நிறத்தில் நின்றன. கோடுள்ள பக்கத்தை உள்ளே வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'அவசர குடும்பத் தேவை' என்று எழுதினேன், அது முழு உண்மை. வெளி விறாந்தையில் கதிரையைப் போட்டு, போர்வையை மடியில் விரித்துத் தைக்கத் தொடங்கினேன். நானாவின் முதலாம் விதியைப் படித்தேன். ஏற்கெனவே பெரிதாக இருக்கும் ஓட்டையை இன்னும் வெட்டிப் பெரிதாக்குவது, சேதத்தை மேலும் ஏற்படுத்துவதாகும் என்று பட்டது. கருகிய ஓரத்தை அப்படியே விட்டு அதன் மேல் ஒட்டை வைத்தேன். விதியை விளங்கிக்கொள்ளாமல் மீறுவது மடமை. விளங்கிக்கொண்டு மீறுவது இன்னும் பெரிய மடமை. நான் இரண்டாவதைச் செய்தேன்.

இரண்டரை மணித்தியாலத்தில் நாலு பக்கமும் முடிந்தது. மூன்று இடத்தில் இரத்தம். நூலை மென்று துடைத்தேன், போய்விட்டது. பெருமையோடு எழும்பினேன். போர்வையும் என்னோடு எழும்பியது. ஒரு பக்கத் தையல் முழுவதும் நான் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

அவிழ்த்துத் திரும்பத் தைக்க இன்னொரு அரைநாள் லீவு வேண்டும். சாரத்தைத் தையலைச் சுற்றி வெட்டினேன். போர்வையின் அடிப்பக்கத்தில் பச்சைக் கட்டம் போட்ட ஒரு நீளத்துண்டு நின்றது. சாரத்தைக் குசினிக்குப் பின்னால் புதைத்தேன்.

வியாழன் பின்னேரம் ஸ்டேசனுக்குப் போய் மனைவியைக் கூட்டிவந்தேன். அவள் கை கால் கழுவி, தேத்தண்ணி குடித்து, பிறகுதான் கட்டில் பக்கம் போனாள். வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தாள். விரலால் என் தையலின் மேல் மெல்லத் தடவினாள். வாய்க்கால் வரம்பில் நடப்பதுபோல விரல் ஏறி இறங்கியது.

"என்ன நடந்தது?"

"எலி" என்றேன்.

"எலியோ?"

"ஓம். சனிக்கிழமை. நான் கண்டவுடனை திருத்திப்போட்டன்."

அவள் போர்வையைத் திருப்பினாள். பச்சைக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எலி சாரமும் தந்திட்டுப் போச்சோ?"

"அது பலத்துக்கு. அடியிலை ஒரு பட்டி குடுக்கவேணும், அதுதான் முறை."

"ஓகோ" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதான். அடுத்த நாள் நான் கந்தோரிலிருந்து வந்தபோது கட்டிலில், போர்வையின் நட்ட நடுவில், ஒரு பூனை படுத்திருந்தது.

"பக்கத்துக் குவாட்டர்ஸிலை கேட்டு வாங்கினனான். எலி இருக்கிற வீடெல்லோ."

எனக்குப் பூனை பிடிக்காது. என் மூக்குக்கும் பிடிக்காது. அன்றிலிருந்து நான் தும்மத் தொடங்கினேன். காலையில் பதினைந்து, பின்னேரம் இருபது. ஐந்து நாள். ஒவ்வொரு தும்மலுக்கும் அவள் குசினிக்குள்ளிருந்து, "பாவம், அந்த எலியை ஒருக்காப் பிடிச்சிட்டாத் திருப்பிக் குடுத்திடலாம்" என்பாள். இல்லாத எலியைப் பிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒருநாள் சந்தையில் யாராவது எலி பிடித்துத் தருவார்களா என்று விசாரித்தேன் என்பதை இப்போது எழுதலாம்.

அடுத்த புதன்கிழமை படவரைஞர் திரும்பி வந்தார். அதே காலையில் ஒரு கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வயல் செய்யும் கமக்காரர்கள் வந்து நின்றார்கள். மதகு எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்று பார்க்கப் பொறியியலாளர் படத்தைக் கேட்டார். அதன் நீலப் பிரதிகளைக் கறையான் தின்று நாளாகியிருந்தது. படவரைஞர் என் மேசைக்கு வந்தார்.

"மூண்டாம் நம்பரைத் தாரும்."

"அது வெட்டியாச்சு ஐயா."

"ஓம், நான்தானே வெட்டச் சொன்னனான். தாரும்."

"இல்லை ஐயா. வெட்டிப்போட்டன்."

"அதுதான் விளங்குது. வெட்டினபடியால்தான் கேக்கிறன்."

நான் இரண்டு விரலைக் கத்தரிக்கோல்போலத் திறந்து மூடிக் காட்டினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு குடையை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

லாச்சிக்குள் இருந்த துண்டுகளை எடுத்துப் பரப்பினேன். ஓரங்கள் எல்லாம் இருந்தன. குளம் இருந்தது, வீதி இருந்தது, வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருந்தது. மதகு இருக்க வேண்டிய இடத்தில் மேசைப்பலகை தெரிந்தது.

"நடு?"

"வீட்டிலை ஐயா."

"வீட்டிலை எங்கை?"

"போர்வையிலை."

"போர்வையைக் கொண்டுவாரும்."

"மனிசி இருக்கிறா" என்றேன். இதை ஒரு விளக்கமாக அவர் ஏற்றுக்கொண்டது, அவரும் கலியாணம் செய்தவர் என்பதால்தான். பலகை, தாள், ஊசி, அடிமட்டம் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, "நடவும்" என்றார்.

வழி முழுவதும் மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். படத்தைப் பற்றிச் சொல்லலாம். அது கந்தோர் விசயம். எலியை மட்டும் காப்பாற்றினால் போதும். ஒட்டை அவிழ்க்காமல், வெளிச்சத்தில் பிடித்து, மேலாலேயே பார்த்து வரையச் சொல்லலாம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் படத்தைப் பற்றி மட்டும் சொல்லிப் போர்வையை இழுத்தேன், பூனை எழும்பிப் போனது. படவரைஞர் போர்வையை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் பிரண்டு கிடக்கு. வாய்க்கால் குளத்துக்குள்ளை போகுது. நீர் கோட்டை உள்ளுக்கு வைச்சுத் தைச்சிருக்கிறீர்."

"கண்ணாடியிலை பாக்கலாமே ஐயா" என்றேன். மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கண்ணாடிக்குள் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், திரும்பக் கண்ணாடியைப் பார்த்தார்.

"இதுக்குள்ளை என்ரை நரைதான் தெரியுது. தங்கச்சி, இதை அவிழ்க்க ஏலுமோ?"

"ஓம் அண்ணை" என்றாள் மனைவி. "மூண்டு பக்கம் அவிழ்த்தாப் போதும். கதவுபோலத் திறக்கும்."

நான் தும்மினேன். அவள் ஊசியின் நுனியால் ஒவ்வொரு தையலாக எடுத்தாள். நான் இரண்டரை மணித்தியாலம் போட்டதை அவள் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு, ஒட்டைக் கதவுபோலத் திருப்பிப் போட்டாள். மறுபக்கத்தில் மதகு, மட்டம், இலக்கங்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. அடியில் ஓட்டையும் தெளிவாக இருந்தது. அடி அகலம், நுனி கூர், சுற்றிவரக் கருகிய ஓரம்.

படவரைஞர் பழக்கதோசத்தில் அடிமட்டத்தை ஓட்டையில் வைத்தார்.

"நீளம் ஏழரை அங்குலம். முனை கிழக்கைப் பாக்குது" என்றார். "என்னது இது?"

"எலி கடிச்சது அண்ணை" என்றாள் மனைவி. "எங்கடை வீட்டு எலிக்கு இஸ்திரிப்பெட்டி வாய்."

அவர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துச் சிரித்து, வரையத் தொடங்குவதற்கு அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர் வரைந்து முடித்துப் போன பிறகு நான் சொன்னேன்.

"நான் உம்மட்டைப் பொய் சொல்லிப்போட்டன்."

"வந்த அண்டைக்கே தெரியும்."

"எப்பிடி?"

"இஸ்திரிப்பெட்டியின்ரை அடியிலை உங்கடை சட்டை கருகி ஒட்டிக்கிடக்கு. அதையும் எலியே ஒட்டினது?"

"பிறகேன் பூனை?"

"எத்தினை நாளைக்குத் தும்முவியள் எண்டு பாத்தனான்." போர்வையை மடித்தபடி சொன்னாள்: "எரிஞ்சது பறவாயில்லை. துணிதானே, ஆரும் எரிக்கலாம். எலியெண்டு சொன்னதுக்குத்தான் பூனை."

பூனை அன்றே திரும்பிப் போனது. ஆனால் கந்தோரில் விசயம் முடியவில்லை. புதிய படத்தில் பொறியியலாளர் ஒப்பமிட வேண்டுமானால், அது மூலப்படத்தோடு ஒத்திருக்கிறது என்று உறுதி வேண்டும். மூலப்படம் ஒரு போர்வையில் இருக்கிறது. போர்வை தனியார் சொத்து. வெட்டி எடுத்தால் தனியார் சொத்துக்குச் சேதம். விட்டால் அரசாங்கச் சொத்துக்குச் சேதம். அவர் ஒரு நாள் முழுக்க யோசித்து எனக்கு எழுத்தில் ஒரு கட்டளை தந்தார். புதிய படம் வெளிக்களத்தில் சரிபார்க்கப்படும்வரை மூலத்துணியை, அது இணைக்கப்பட்டிருக்கும் பொருளோடு சேர்த்து, நான் என் சொந்தப் பொறுப்பில் சேதமின்றி வைத்திருக்க வேண்டும். சரிபார்க்கும் அலுவலர் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் இதற்கான கோவையைத் திறந்ததே இல்லை.

கட்டளையை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப இது இனி ஆரின்ரை போர்வை?" என்று கேட்டாள் மனைவி.

"அரசாங்கத்தின்ரை மாதிரி. நான் பொறுப்பாளன்."

"எனக்கு உரிமை இல்லையோ?"

"பாவிக்கலாம். ஆனா சேதம் வரக்கூடாது."

அவள் சிரிக்காமல் தலையாட்டினாள். "நல்லது. பொறுப்பாளனே தோய்க்கட்டும்." அன்றிலிருந்து அதைத் தோய்ப்பது நான்தான். ஒட்டை அவள் திரும்ப முழுதாகத் தைக்கவில்லை. கருகிய ஓரத்தை நல்ல துணி வரும்வரை வெட்டி, அடியில் வேறு துணி கொடுத்து அடைத்துவிட்டு, மேலே ஒட்டின் திறந்த பக்கத்தில் என் பழைய சட்டைப் பொத்தான்கள் இரண்டை வைத்தாள். கந்தோரிலிருந்து யாராவது மட்டம் பார்க்க வந்தால் திறந்து காட்ட வசதியாக. சாரத்துண்டையும் எடுக்கவில்லை, பலத்துக்கு இருக்கட்டும் என்றாள்.

அடுத்த வருடம் தங்கையின் கலியாணத்துக்கு அவள் முன்கூட்டியே போக வேண்டியிருந்தது. ஸ்டேசனுக்குப் புறப்படும்போது போர்வையைப் பார்த்தேன். அலுமாரியில் இல்லை. மடித்துக் கட்டிலின் மேலேயே இருந்தது, பூட்டி வைக்காமல், ஒரு வார்த்தையும் சொல்லாமல். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அரசாங்கம் என்னை நம்பியபோது அப்படி ஒன்றும் செய்யவில்லை.

பிறகு அவளுடைய பையைத் தூக்கினேன். கை இழுத்துக்கொண்டு கீழே போனது.

"என்ன இது, கல்லுப்போலை?"

"இஸ்திரிப்பெட்டி" என்றாள். "வாங்கோ, றெயினுக்கு நேரமாகுது."